கிருமி போடும் ஊசி: எங்கள் ஆய்வகத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காரைக்குடியில் ஒரு சிறிய ஆய்வகத்தில் வேலை பார்க்கிறோம். நோய்க்கிருமிகள் உடம்புச் செல்களைத் தங்கள் இஷ்டத்துக்கு எப்படி ஆட்டிவைக்கின்றன என்பதுதான் எங்கள் ஆராய்ச்சி. பார்க்க வரும் பள்ளிப் பிள்ளைகள், அவர்களைக் கூட்டிவரும் ஆசிரியர்கள், மாசிப் பங்குனித் திருவிழாவுக்கு ஊருக்கு வரும் சொந்தபந்தங்கள் என்று எல்லாரும் கேட்பவை கிட்டத்தட்ட ஒரே கேள்விகள். வாயால் சொல்லிச் சொல்லிப் பழகிய பதில்களை இங்கே எழுதிவைத்திருக்கிறோம். வரிசையாகப் படிக்க வேண்டும் என்று கட்டாயமில்லை.

"டாக்டருக்குப் படிக்கிறேன்னு சொல்றியே தம்பி, ஊசி போடுவியா?"

பள்ளத்தூர் ஆச்சி ஒருவர் கேட்டது. இல்லை ஆச்சி, எங்களுடையது பிஎச்.டி. பட்டம். காய்ச்சலுக்கு மாத்திரை எழுதித் தரும் உரிமை எங்களுக்குக் கிடையாது. ஆனால் ஊசி பற்றித்தான் ஆராய்ச்சி செய்கிறோம். கிருமி நமக்குப் போடும் ஊசி. அது கீழே வருகிறது.

கிருமி என்றால் செல்லைக் கொல்லத்தானே வரும்? அதை எதற்கு வசப்படுத்த வேண்டும்?

கொல்வதால் பாக்டீரியாவுக்குப் பெரிய லாபம் இல்லை. அதற்கு வேண்டியது சாப்பாடு, தங்க இடம், பெருக நேரம். இந்த மூன்றும் உயிரோடு இருக்கும் செல்லுக்குள் தாராளமாகக் கிடைக்கின்றன. வெளியே ரத்தத்தில் சுற்றினால் எதிர்ப்புப் புரதங்கள் பிடித்துக்கொள்ளும். உள்ளே போய்விட்டால் அந்தத் தொல்லை குறைவு. அதனால் பல கிருமிகள் செல்லை உடைப்பதில்லை. செல்லுக்குள் ஏற்கெனவே இருக்கும் விசைகளைத் தட்டி, தனக்கு வேண்டிய வேலையைச் செல்லையே செய்யவைக்கின்றன. உடைப்பதெல்லாம் வேலை முடிந்தபிறகுதான்.

ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், மீதிப் பதில்களெல்லாம் இதைச் சுற்றியே வரும். நம் செல் எப்படி வேலை செய்கிறது என்று புத்தகம் எழுதியவர்களைவிட இந்தக் கிருமிகளுக்குக் கூடுதலாகத் தெரியும். செல்லுக்குள் எந்தப் புரதத்தைத் தொட்டால் என்ன நடக்கும் என்பதைக் கோடிக்கணக்கான ஆண்டுப் பழக்கத்தில் தெரிந்துவைத்திருக்கின்றன. நாங்கள் கிருமியைப் பார்த்துப் பார்த்துச் செல்லைக் கற்றுக்கொள்கிறோம்.

சரி, உள்ளே எப்படி நுழைகிறது?

டைபாய்டு தெரியாத குடும்பம் நம் பக்கத்தில் இருக்காது. அதற்குக் காரணம் சால்மோனெல்லா வகைக் கிருமி. டைபாய்டு கிருமிக்கு மிக நெருங்கிய உறவான சால்மோனெல்லா டைபிமியூரியத்தைத்தான் உலகம் முழுக்க ஆய்வகங்களில் அதிகம் வளர்க்கிறார்கள்.

அதன் உடம்பின் மேல், எலக்ட்ரான் நுண்ணோக்கியில் மட்டுமே தெரியும் அளவுக்கு மிக நுண்ணிய ஊசிகள் உண்டு. அடியில் வளையங்கள் அடுக்கிய பீடம், அதன் மேல் நீட்டிக்கொண்டிருக்கும் குழல், நடுவில் ஓட்டை. 1998இல் இதைத் தனியாகப் பிரித்தெடுத்துப் படம் பிடித்தார்கள். மூன்றாம் வகைச் சுரப்பு அமைப்பு என்று பெயர். கிருமி நம் குடலின் செல்லைத் தொட்டதும், இந்த ஊசி வழியாகத் தன் புரதங்களை நேராகச் செல்லுக்குள் செலுத்துகிறது.

செலுத்தும் புரதங்களில் இரண்டை மட்டும் பார்ப்போம். ஒன்றின் பெயர் சோப்-ஈ, இன்னொன்று எஸ்.பி.டி.பி. செல்லுக்கு உருவம் கொடுக்கும் ஆக்டின் என்ற இழைகள் உண்டு. அவற்றை எப்போது எழுப்புவது, எப்போது அடக்குவது என்பதை ராக், சி.டி.சி.-42 என்ற இரண்டு புரதங்கள் பார்த்துக்கொள்கின்றன. சோப்-ஈ போய் அந்த இரண்டையும் முடுக்கிவிடும். உடனே செல்லின் மேல்தோல் கொசுவம் வைத்த சேலை மாதிரி மடிப்பு மடிப்பாக எழும்பி, கிருமியைச் சுற்றி வளைத்து உள்ளே இழுத்துக்கொள்கிறது. கிருமி தள்ளவில்லை, செல்தான் இழுக்கிறது.

மடிப்புகள் அப்படியே நின்றால் செல் சீக்கிரம் சீரழிந்துவிடும், கிருமிக்கு வீடு போய்விடும். அங்கேதான் எஸ்.பி.டி.பி. வருகிறது. அதே ராக்கையும் சி.டி.சி.-42வையும் அணைத்து, மேல்தோலைப் பழைய நிலைக்குக் கொண்டுவருகிறது. வந்த சுவடே தெரியாது.

இரண்டு புரதமும் ஒரே ஊசி வழியாக ஒரே நேரத்தில் உள்ளே போகின்றன. ஒன்று முடுக்க, ஒன்று அணைக்க என்றால் ஒன்றையொன்று ரத்துசெய்துவிடாதா? 2003இல் இதற்குப் பதில் கிடைத்தது. வேண்டாத புரதங்களை அரைத்துத் தள்ளும் ப்ரோட்டியசோம் என்ற அமைப்பு நம் செல்லில் இருக்கிறது. அது சோப்-ஈயைச் சீக்கிரம் அழித்துவிடுகிறது, எஸ்.பி.டி.பி.யை மெதுவாகத்தான் அழிக்கிறது. முதலில் முடுக்கம், பிறகு அணைப்பு என்ற வரிசை அதனால்தான் வருகிறது. அதாவது கிருமி தன் கடிகாரமாகப் பயன்படுத்துவது நம் செல்லின் குப்பை அள்ளும் இயந்திரத்தை! முதல் முறை படித்தபோது எனக்குக் கொஞ்சம் கோபமே வந்தது.

குழந்தைகளுக்கு வயிற்றுப்போக்கு உண்டாக்கும் ஒரு வகை ஈ. கோலை பாக்டீரியா இன்னும் துணிச்சல். ஒட்டிக்கொள்ளச் செல்லின் மேல் ஏற்பி என்ற பிடிமானப் புரதம் ஒன்று வேண்டும் அல்லவா? அந்த ஏற்பியையே தான் தயாரித்து, ஊசி வழியாகச் செல்லுக்குள் செலுத்தி, செல்லின் மேல்தோலில் பொருத்தி, அப்புறம் அதிலேயே ஒட்டிக்கொள்கிறது. 1997இல் தெரியவந்த விஷயம் இது.

உள்ளே போனதும் செல் அதைச் செரித்துவிடாதா?

செரிக்கத்தான் பார்க்கும். மேக்ரோபேஜ் என்ற வெள்ளை அணுக்களின் வேலையே அதுதான். கிருமியை ஒரு பைக்குள் அடைத்து, அந்தப் பையை அமிலமும் நொதிகளும் உள்ள லைசோசோம் என்ற பையோடு இணைத்துவிடும். ஒவ்வொரு கிருமியும் இதற்கு ஒவ்வொரு வழி வைத்திருக்கிறது.

காசநோய்க் கிருமி அந்த இரண்டு பைகளையும் இணையவிடாமல் தடுக்கிறது. 1971இல் லண்டனில் ஆர்ம்ஸ்ட்ராங்கும் டி'ஆர்சி ஹார்ட்டும் நுண்ணோக்கியில் இதைக் காட்டினார்கள். கொல்ல வந்த அணுவுக்குள்ளேயே அது குடியிருக்கிறது. லிஸ்டீரியா என்ற கிருமி பையில் ஓட்டை போட்டு வெளியே வந்துவிடும். வந்ததும் தன் முதுகுப்பக்கம் செல்லின் ஆக்டினைத் திரட்டி ஒரு வால் கட்டிக்கொள்ளும். அந்த வால் வளர வளரக் கிருமி முன்னால் தள்ளப்பட்டு, பக்கத்துச் செல்லுக்குள் நேராகக் குத்திப் போகும். எதிர்ப்புப் புரதங்களின் கண்ணிலேயே படாது. ஒளிரும் சாயமேற்றி நுண்ணோக்கியில் பார்த்தால் வால்நட்சத்திரம் போவது தெரியும். பள்ளிப் பிள்ளைகளுக்கு நாங்கள் போட்டுக்காட்டும் வீடியோக்களில் அவர்கள் திரும்பக் கேட்பது இது ஒன்றைத்தான்.

லெஜியோனெல்லா வேறு ரகம். 1976இல் அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியாவில் முன்னாள் படைவீரர்கள் கூடிய மாநாட்டில் நிமோனியாவாக வெடித்தபோதுதான் உலகத்துக்குத் தெரிந்தது. இயற்கையில் அது தண்ணீரிலுள்ள அமீபாவுக்குள் வாழ்கிற கிருமி. அமீபாவை ஏமாற்றக் கற்றுக்கொண்ட வித்தை நம் நுரையீரல் மேக்ரோபேஜிலும் பலிக்கிறது. முந்நூறுக்கும் மேற்பட்ட புரதங்களைச் செல்லுக்குள் செலுத்துகிறது. அவற்றில் பலவற்றின் வேலை இன்னும் கண்டுபிடிக்கப்படவில்லை. பிஎச்.டி. தலைப்பு தேடுகிறவர்களுக்கு வேண்டிய அளவு இருக்கிறது.

நம்ம பக்கம் வரும் உண்ணிக் காய்ச்சலும் இதில் சேர்த்தியா?

ஸ்கரப் டைபஸ் என்கிறார்களே, அதுதான். சேர்த்திதான், அதுவும் முழுமையாக. ஓரியன்ஷியா சுட்சுகாமுஷி என்ற கிருமி, புதர்களில் இருக்கும் மிகச் சிறிய சிற்றுண்ணியின் இளம்பருவம் கடிப்பதால் வருகிறது. சீமைக்கருவேலப் புதரும் காய்ந்த புல்லும் நிறைந்த நம் மாதிரி நிலப்பகுதியில், ஆடு மேய்க்கப் போகிறவர்களும் விறகு வெட்டப் போகிறவர்களும் இதைத் தெரிந்துவைத்திருக்க வேண்டும்.

இந்தக் கிருமியால் செல்லுக்கு வெளியே பெருகவே முடியாது. உள்ளே நுழைந்து பையை உடைத்துக்கொண்டு வெளிவந்ததும், செல்லுக்குள் சரக்கு ஏற்றிச்செல்லும் டைனீன் என்ற மோட்டார் புரதத்தைப் பிடித்துக்கொண்டு, நுண்குழல் தடத்தின் மேல் ஏறி, உட்கருவின் பக்கத்தில் போய் இறங்குகிறது. அங்கேதான் பெருகுகிறது. கடைசியில் செல்லின் சவ்வையே போர்த்திக்கொண்டு வைரஸ் மாதிரி வெளியேறுகிறது.

இதில் வீட்டுக்கு உபயோகமான செய்தியும் உண்டு. கடித்த இடத்தில் வலியில்லாத ஒரு கருப்புப் பொருக்கு வரலாம், சிகரெட்டால் சுட்ட மாதிரி இருக்கும். அக்குள், இடுப்பு, தொடையிடுக்கு என்று கண்ணில் படாத இடங்களில்தான் பெரும்பாலும் இருக்கும். எல்லாருக்கும் வராது. காய்ச்சல் விடாமல் அடித்தால் அந்த இடங்களைப் பார்த்துவிட்டு டாக்டரிடம் சொல்லுங்கள், புதர்ப்பக்கம் போனதையும் சொல்லுங்கள். பெனிசிலின் வகை மருந்து இதற்குக் கேட்காது. டாக்சிசைக்ளின், அசித்ரோமைசின் கேட்கும். கடுமையான நோயில் இரண்டையும் சேர்த்து நரம்பு வழியாகக் கொடுப்பது, ஒன்றை மட்டும் கொடுப்பதைவிட நல்லது என்று வேலூர் சி.எம்.சி. மருத்துவர்கள் முன்னின்று நடத்திய ஆய்வு 2023இல் வெளியானது. மருந்தை முடிவுசெய்வது டாக்டர். மெடிக்கலில் நீங்களே கேட்டு வாங்காதீர்கள்.

செல்லுக்குள் போகாமலேயே ஆட்டிவைக்கும் கிருமி உண்டா?

காலரா. இதைப் பற்றி எழுத எனக்குப் பிடிக்கும், ஏனென்றால் முக்கியமான இரண்டு வேலைகளும் நம் நாட்டில் நடந்தவை.

1884இல் கல்கத்தாவில் ராபர்ட் காக் காலராக் கிருமியைத் தனியாகப் பிரித்து வளர்த்தார். ஆனால் அது உடம்பை எப்படிக் கெடுக்கிறது என்பது அதன்பின் எழுபது வருஷத்துக்கும் மேல் தெரியாமலே இருந்தது. கிருமியின் உடம்பு சிதைந்து வெளிவரும் நஞ்சுதான் காரணம் என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள். 1959இல் அதே கல்கத்தாவில் சம்பு நாத் டே என்ற மருத்துவர், முயலின் குடலில் ஒரு துண்டை இரண்டு பக்கமும் கட்டி, கிருமியை முழுக்க வடிகட்டி எடுத்த நீரை மட்டும் உள்ளே செலுத்தினார். கிருமியே இல்லாத நீர். அப்படியும் குடல் துண்டு தண்ணீரால் உப்பியது. கிருமி உயிரோடு இருக்கும்போதே வெளியே சுரக்கும் நச்சுப் புரதம்தான் வேலை பார்க்கிறது என்று ருசுவானது. அவருக்கு நோபல் கிடைக்கவில்லை. கிடைத்திருக்க வேண்டும் என்பது எங்கள் கட்சி.

அந்த நச்சு குடல் செல்லுக்குள் போய், ஜி புரதம் என்ற விசையைத் திறந்த நிலையிலேயே பூட்டிவிடுகிறது. விசை மூடாததால் செல் உப்பை வெளியே கொட்டிக்கொண்டே இருக்கிறது, உப்பின் பின்னாலேயே தண்ணீரும் போகிறது. அரிசி கழுவிய தண்ணீர் மாதிரி வயிற்றுப்போக்கு. செல் சாகவில்லை, கிழியவும் இல்லை.

செல் சாகவில்லை என்பதால்தான் மருந்தும் கிடைத்தது. குடல் செல்லில் சர்க்கரையையும் உப்பையும் ஜோடியாகச் சேர்த்து உள்ளே இழுக்கும் இன்னொரு வாசல் இருக்கிறது. காலரா நச்சு அதைத் தொடுவதில்லை. அதனால் உப்பையும் சர்க்கரையையும் சரியான அளவில் கலந்து குடிக்கக் கொடுத்தால் இரண்டும் உள்ளே போகும், தண்ணீரும் கூடவே போகும். ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தின் சூட்சுமம் இவ்வளவுதான். 1971இல் வங்கதேச அகதிகள் குவிந்த பன்காவ் முகாமில் காலரா பரவியபோது, குளுக்கோஸ் ஏற்றும் பாட்டில்கள் தீர்ந்துபோக, திலீப் மகாலனோபிஸ் டிரம்களில் இந்தக் கரைசலைக் கலந்துவைத்து உறவினர்கள் கையாலேயே கொடுக்கச் சொன்னார். நூற்றுக்கு முப்பது என்ற அளவில் இருந்த சாவு நாலுக்கும் கீழே இறங்கியது.

பொட்டலத்தை அதன் மேல் போட்டிருக்கும் அளவுத் தண்ணீரில் (பெரிய பொட்டலத்துக்கு ஒரு லிட்டர்) முழுதாகக் கலக்க வேண்டும். பாதி டம்ளரில் கரைத்துக் கொடுத்தால் உப்பு அளவு ஏறிக் கெடுதல்தான். கடையில் ஓ.ஆர்.எஸ். பக்கத்தில் வைத்து விற்கும் இனிப்பு ஜூஸ் டப்பாக்களும் அதற்கு ஈடாகாது.

ஆய்வகத்தில் ஒரு சோதனையை எப்படிச் செய்வீர்கள்?

நாங்கள் அடிக்கடி செய்வதைச் சொல்கிறேன். கிருமியின் ஒரு மரபணுவை நீக்கிவிட்டால், அதனால் செல்லுக்குள் நுழைய முடிகிறதா என்று பார்க்க வேண்டும்.

குழித்தட்டில் மனிதச் செல்களை முந்தினநாளே பரப்பி, 37 டிகிரி இன்குபேட்டரில் வைத்திருப்போம். அவை வளரும் திரவம் ரோஸ்மில்க் நிறத்தில் இருக்கும். மஞ்சளாக மாறியிருந்தால் அமிலம் கூடிவிட்டது என்று பொருள், சில நேரம் வேண்டாத கிருமி புகுந்துவிட்டது என்றும் பொருள். அன்றைக்கு வேலை அவ்வளவுதான்.

எல்லாம் நன்றாக இருந்தால் சில குழிகளில் சாதாரணக் கிருமி, சில குழிகளில் மரபணு நீக்கிய கிருமி என்று விடுவோம். கொஞ்ச நேரம் கழித்து ஜென்டாமைசின் ஊற்றுவோம். இந்த ஆன்டிபயாடிக் செல்லுக்குள் சுலபமாகப் போகாது. வெளியே நிற்கும் கிருமியெல்லாம் சாகும், உள்ளே போனவை பிழைக்கும். பிறகு கழுவி, சோப்பு மாதிரி ஒரு திரவத்தால் செல்களை உடைத்து, உள்ளே இருந்தவற்றை அகார் தட்டில் பூசி ராத்திரி முழுக்க வைப்போம். காலையில் ஒவ்வொரு புள்ளியும் ஒரு கூட்டம், அதைத் தொடங்கியது பெரும்பாலும் தப்பிப் பிழைத்த ஒரே ஒரு கிருமி. உட்கார்ந்து எண்ண வேண்டியதுதான். கண் வலிக்கும்.

ஜென்டாமைசின் அளவு கூடினாலும், நேரம் நீண்டாலும் கணக்குத் தவறும். அதனால் அதே சோதனையைத் திரும்பத் திரும்பச் செய்வோம். "இதைத்தான் போன வாரமும் செஞ்சுக்கிட்டிருந்தீங்க" என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில்.

மனிதச் செல் எங்கிருந்து கிடைக்கிறது?

செல் வங்கிகளில் வாங்குகிறோம். யாரிடமும் புதிதாக எடுப்பதில்லை. மிகப் பழையதும் பிரபலமானதும் ஹீலா செல். 1951இல் அமெரிக்காவில் கருப்பைவாய்ப் புற்றுநோயால் இறந்த ஹென்ரியட்டா லாக்ஸ் என்ற கறுப்பினப் பெண்ணின் கட்டியிலிருந்து எடுத்தது. அவரிடம் யாரும் அனுமதி கேட்கவில்லை. அந்தச் செல்களை வைத்துப் பலர் சம்பாதித்தார்கள், குடும்பத்துக்கோ பல வருஷம் விஷயமே தெரியாது. எங்கள் குழித்தட்டுகளில் ஹீலா என்று எழுதும் புதுப் பிள்ளைகளுக்கு இந்தக் கதையைச் சொல்லிவிட்டுத்தான் பைப்பெட்டைக் கையில் கொடுக்கிறோம்.

புழுவையும் மீனையும் வைத்து எதற்கு ஆராய்ச்சி?

தட்டில் பரப்பிய செல்லுக்கு எதிர்ப்புச் சக்தி, குடல், நரம்பு என்று ஒன்றும் கிடையாது. முழு உயிரில் என்ன நடக்கிறது என்று பார்க்க வேண்டும். சி. எலிகன்ஸ் என்ற புழு ஒரு மில்லிமீட்டர் நீளம், கண்ணாடி மாதிரி உடம்பு, மொத்தம் 302 நரம்புச் செல்கள். அதன் சாப்பாடே பாக்டீரியாதான். சாதாரணக் கிருமிக்குப் பதில் நோய்க்கிருமியைத் தட்டில் வைத்தால், சில நாளில் குடலில் நோய் பிடிப்பதை உயிரோடு பார்க்கலாம். நம் ஊர் அழகப்பா பல்கலைக்கழகத்தின் உயிரிதொழில்நுட்பத் துறையிலும் இந்தப் புழுவை வைத்து நோய்க்கிருமி ஆய்வு நடக்கிறது.

வரிக்குதிரை மீனின் குஞ்சும் கண்ணாடி மாதிரிதான். கேம்பிரிட்ஜில் இருக்கும் லலிதா ராமகிருஷ்ணன் (சிதம்பரத்தில் பிறந்த நோபல் அறிஞர் வெங்கி ராமகிருஷ்ணனின் தங்கை) காசநோய்க் கிருமியின் உறவுக்கார மீன்கிருமி ஒன்றை இந்தக் குஞ்சுகளில் விட்டுப் பார்த்தார். காசநோயில் வெள்ளை அணுக்கள் திரண்டு கிருமியைச் சுற்றி உருண்டை கட்டுவது கிருமியைச் சிறைவைக்கத்தான் என்று வெகுகாலம் நினைத்திருந்தார்கள். நோயின் தொடக்கத்தில் அந்த உருண்டைக்குள் புது அணுக்களை வரவழைத்து, அவற்றுக்குள்ளும் கிருமி பரவுகிறது என்று 2009இல் அவர் குழு காட்டியது.

அந்தக் கிருமி வெளியே வந்து ஊருக்குள் பரவிவிடாதா?

நியாயமான பயம். கிருமியின் ஆபத்தைப் பொறுத்து ஆய்வகங்களுக்கு நான்கு பாதுகாப்பு நிலைகள் உண்டு. நாங்கள் இருப்பது இரண்டாம் நிலை. காசநோய்க் கிருமியை வளர்க்க மூன்றாம் நிலை வேண்டும், அது எங்களிடம் இல்லை, அதனால் வளர்ப்பதும் இல்லை. தொட்ட தட்டு, முனை, குப்பை எல்லாம் ஆட்டோகிளேவில் 121 டிகிரி நீராவியில் வெந்த பிறகே வெளியே போகும். கரண்ட் போனால் ஜெனரேட்டர் உண்டு.

பழைய சோற்றில் இருக்கும் பாக்டீரியாவும் செல்லுக்குள் ஊசி போடுமா?

போடாது. அதில் பெருகுபவை பெரும்பாலும் லாக்டிக் அமில பாக்டீரியாக்கள். நிம்மதியாகச் சாப்பிடுங்கள், சுத்தமான தண்ணீர் ஊற்றியிருந்தால்.

இந்த ஆராய்ச்சியால் மருந்து வருமா?

வந்திருக்கிறது, சில நேரம் யாரும் எதிர்பார்க்காத பக்கத்திலிருந்து. போட்டுலினம் நச்சு நரம்புச் செல்லின் ஒரு புரதத்தை வெட்டி, தசைக்குச் செய்தி போகாமல் தடுக்கிறது. அதையே கடுகளவிலும் கடுகளவாக எடுத்து, மாறுகண்ணுக்கும் இமை இழுப்புக்கும் ஊசியாகப் போட 1989இல் அமெரிக்காவில் அனுமதி கொடுத்தார்கள். முகச்சுருக்கத்துக்குப் போடுவதெல்லாம் பிறகு வந்தது.

கிருமியைக் கொல்லாமல் அதன் ஊசியை மட்டும் முடக்கினால் என்ன என்ற யோசனை பல வருஷமாக இருக்கிறது. கொன்றால்தானே பிழைத்தவை மருந்துக்கு அடங்காமல் போகும், ஆயுதத்தை மட்டும் பிடுங்கினால் அந்த நெருக்கடி குறையும் என்பது கணக்கு. தட்டிலும் எலியிலும் வேலை செய்யும் மூலக்கூறுகள் நிறைய உண்டு. மருந்துக்கடை வரை வருவதுதான் கஷ்டம். நோயாளி வரும்போது பல நேரம் கிருமி ஏற்கெனவே ஊசி போட்டு முடித்திருக்கும். அப்புறம் ஊசியை முடக்கி என்ன செய்ய? இப்போதைக்கு டாக்டர் எழுதிய ஆன்டிபயாடிக்கை எழுதிய நாள்வரை சாப்பிடுவதுதான் வழி.

என் மகள் பிளஸ் டூ படிக்கிறாள். இந்தப் பக்கம் வரலாமா?

தாராளமாக வரலாம். நீட் எழுத வேண்டியதில்லை. நுண்ணுயிரியல், உயிரிதொழில்நுட்பம், உயிர்வேதியியல், விலங்கியல் என்று எதில் பி.எஸ்சி. சேர்ந்தாலும் சரி, எம்.எஸ்சி. முடித்து, சி.எஸ்.ஐ.ஆர். நெட் மாதிரித் தேர்வில் ஜே.ஆர்.எஃப். வாங்கினால் பிஎச்.டி. செய்யும்போதே உதவித்தொகை கிடைக்கும். 2023 ஜனவரி முதல் அது மாதம் 37,000 ரூபாய். பணம் சில நேரம் தாமதமாக வரும் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். பிஎச்.டி. முடிய ஐந்தாறு வருஷம் ஆகலாம், "கல்யாணம் எப்போ" என்று கேட்கும் சொந்தக்காரர்களை அதுவரை நீங்கள்தான் சமாளிக்க வேண்டும்.

கணக்கை விட்டுவிட வேண்டாம் என்று சொல்லுங்கள். புள்ளிகளை எண்ணியபின் வேலை முழுக்கப் புள்ளியியல்தான். லீவில் ஆய்வகத்தைப் பார்க்க வேண்டுமென்றால் பள்ளி வழியாக ஒரு கடிதம் கொண்டுவரட்டும். வரும்போது செருப்பு வேண்டாம், கால்விரல்களை மூடும் ஷூ போட்டு வரட்டும்.